மாற்றுச் சட்டை

முதல் முறை அவனே நடந்து வந்தான்.
வாசலில் காவலாளி அலெபெல் கம்பை ஓங்கி
"போ, பின்பக்கம் போ" என்று விரட்டியதாகச் சொன்னான்.
பெயர் யெஷிவாஸ். வயது பத்தொன்பது.
கூலிச் சீட்டில் இருபத்திரண்டு என்றிருந்தது.

தெஃப் வயலில் களையெடுக்க மலையிறங்கி வந்தவன்.
பாஹிர் தாரில் மழைக்கு ஒதுங்கக் கிடைத்தது
தேவாலயத்தின் மதிலோரம்,
பன்னிரண்டு பேருக்கு மூன்று போர்வை.
சட்டை ஒன்றுதான்.
தையல் நெடுகப் பேன்கள், எள் சிந்தினாற்போல்.
ஒன்றை நகத்தில் நசுக்கி
அதே நகத்தால் கழுத்தைச் சொறிந்திருக்கிறான்.
அவ்வளவு போதும் அதற்கு.

பாலம் உடைந்து மருந்து வண்டி வரவில்லை.
ஐந்து நாள் கொதித்தான், ஆறாம் நாள் வியர்த்தான்,
எழுந்து உட்கார்ந்து ஷிரோ கேட்டான்.
கூலி போய்விடும் என்று கிளம்பினான்.
ஊசி போடாமலே ஒருத்தன் பிழைத்தான் என்று
நாங்களும் சிரித்துக்கொண்டோம்.

ஒன்பதாம் நாள் தூக்கி வந்தார்கள்.

லென்ஸுக்கு அடியில் அவன் ரத்தம்:
அணுக்களுக்கு நடுவே ஊதாச் சுருள்கள்,
சீப்பில் சிக்கி உதிர்ந்த முடிகள்போல.
"அதே கிருமியா?" என்றாள் சிஸ்டர் எனானு.
அதேதான்.
அதே இல்லை.

எப்படிச் சொல்ல?
அதன் உடம்புக்குள் ஒரு பெட்டி இருக்கிறது, எனானு.
உள்ளே மடித்து வைத்த சட்டைகள், ஏகப்பட்டவை.
மாட்டுவதற்கோ, ஒரு நூலின் கடைசி முனையில்,
ஒரே ஓர் ஆணி.
ஆணியில் தொங்குவதைத்தான் உடுத்த முடியும்.
அந்த நிறத்தை, அந்த நெசவைப் பார்த்துக்கொண்டு
இவன் ரத்தம் வேட்டைக்குக் கிளம்பும்;
ஐந்து நாளில் அந்தச் சட்டைக்காரர் ஒருவரும் மிஞ்சுவதில்லை.

ஆனால் ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று,
எவரும் துரத்தாத வேளையிலேயே
பெட்டிக்குள் கிடந்த ஒன்றைப் படியெடுத்து
பழையது தொங்கிய இடத்தில் மாட்டியிருக்கும்.
தந்திரம் என்று எழுதுகிறார்கள்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
படியெடுக்கிற கை எப்போதோ தடம் மாறுகிறது,
தடம் மாறியது தப்பிக்கிறது.
மெய் மாறவில்லை,
மெய்மேல் போர்த்தியதுதான் மாறியது.
ரத்தம் பாவம், அதற்குத் துணி மட்டும்தான் தெரியும்.
எதிரே வந்ததை அது
சட்டை செய்யவே இல்லை.

இந்த முறை வண்டி வந்திருந்தது. பெனிசிலின்.
ஊசிக்குப் பிறகுதான் உண்மையான பயம்.
அத்தனையும் ஒரே நேரத்தில் செத்து
கந்தல் கந்தலாக ரத்தத்தில் மிதக்க
உடம்பு மிரண்டு உதறும்.
இரண்டாம் மணியில் கட்டில் நகர்ந்தது.
எனானு தோளைப் பிடித்தாள், நான் முழங்காலை.
ஏதோ ஒரு காளையை அதட்டினான்,
திரும்பு, திரும்பு, வரப்பு வருகிறது என்று.
நாடி என் விரலுக்குக் கிடைக்கவில்லை,
பிறகு கிடைத்தது,
பிறகு மறுபடி தேடினேன்.
மூன்றாவது சலைன் பாட்டில் பாதியில்
காளை திரும்பிவிட்டது போலும்.
தூங்கினான்.

கொல்லைப்புறம் டிரம்மில் அவன் சட்டை வெந்தது.
கம்பால் தூக்கியபோது
தையல் விட்டு இரண்டு துணியாக வந்தது.
மொட்டையடித்த தலையோடு போர்வைக்குள் இருந்து
மாற்றுச் சட்டை கேட்டான்.
எங்களிடம் அந்த வழக்கம் இல்லை.
ஆணியில் என் வெள்ளைக் கோட்டு தொங்கியது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
அலெபெல் நாற்காலியை விட்டு எழுந்து
கம்பைப் பின்னால் மறைத்து
தலை தாழ்த்தி, கதவை அகலத் திறந்தான்.
யெஷிவாஸ் ஒரு கணம் நின்றான்,
பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான்.
பிறகு நடந்தான்.

இருப்புப் பதிவேட்டில் எழுதியாயிற்று:
கோட்டு ஒன்று, திரும்பி வரவில்லை.
அவனும் வரவில்லை.
இந்தக் காய்ச்சலில்
அதுதான் நல்ல சேதி.